சங்கு யார் கையில் இருக்கிறது? வேலூர்ப் பக்கம் கோயில், தர்கா, தேவாலயப் படங்கள் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு

சிவன் கோயில் பிராகாரம். வடக்குச் சுவர் மாடத்தில் ஓர் உருவம், பின் கைகளில் சங்கும் சக்கரமும். இடுப்பு வரை படம் எடுத்து, கீழே "பெருமாள்" என்று போட்டுவிட்டார் ஒருவர். ஃபோகஸ் சரி, வெளிச்சமும் சரி. ஆனால் வெட்டிய பாதியில்தான் எருமைத் தலை இருந்தது. அதன்மேல் நிற்பது விஷ்ணு துர்க்கை.

புதிதாகப் படம் எடுக்கிறவர்கள் அதிகம் செய்யும் பிழை இதுதான். ஒரு சின்னத்தைக் கண்டதும் சாமியை முடிவு செய்துவிடுகிறார்கள். எந்தச் சின்னமும் தனியாக நின்று பேசாது. கையில் இருப்பது, காலடியில் இருப்பது, தலைக்கு மேல் இருப்பது, எதிரே இருப்பது எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு வாக்கியம் ஆகும். கேமரா அந்த வாக்கியத்தை நடுவில் ஒடித்துவிடக் கூடாது.

சங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள் கையிலும் இருக்கும், துர்க்கை கையிலும் இருக்கும். சோளிங்கர் சின்ன மலையில் யோக ஆஞ்சநேயருக்கு நான்கு கை. அங்கே சங்கு சக்கரம் அவரிடம். போளூர்ப் பக்கம் திருமலையில், பழைய வடஆற்காட்டுச் சமணத் தலத்தில், பாறையில் 16 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறார் நேமிநாதர். அந்தத் தீர்த்தங்கரருக்கு உரிய அடையாளம் சங்கு. இவை போதாதென்று, சாவு ஊர்வலத்திலும் சங்கு ஊதுகிறோம். ஒரு கை, ஒரு சங்கு, பின்னணியில் மங்கல் என்று "கலைநயமாக" எடுத்த படத்தைப் பார்க்கிறவர் இந்த ஐந்தில் எதை நினைப்பார்?

முதல் வேலை: கேமராவை எடுக்காமல் பார்ப்பது

இரண்டு நிமிடம் போதும். கீழிருந்து மேலே போங்கள். பீடத்தில் வாகனமோ விலங்கோ உண்டா? கால் எப்படி வைத்திருக்கிறது? முன் கைகள் அபயமா (அஞ்சாதே என்பது), வரதமா (வரம் தருவது)? பின் கைகளில் என்ன? நெற்றியில் பட்டையா, நாமமா? தலைக்கு மேல் குடையா, நாகமா, வெறும் திருவாசியா?

வள்ளிமலையில் இது மிகவும் உதவும். வள்ளி கதையோடு முருகன் கோயில் இருக்கும் அதே மலையில் சமணப் புடைப்புச் சிற்பங்களும் இருக்கின்றன. கண்மூடி அமர்ந்த உருவத்தைக் கண்டதும் "புத்தர்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. உடையின் விளிம்புக் கோடு இடது தோளில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் புத்தராக இருக்கலாம். உடையே இல்லாமல் தலைக்கு மேல் மூன்று அடுக்குக் குடை இருந்தால் தீர்த்தங்கரர். தலைக்கு மேல் நாகம் படம் எடுத்திருந்தால் பெரும்பாலும் பார்சுவநாதர். பீடத்தில் சிங்கம் மகாவீரருக்கு, காளை ரிஷபநாதருக்கு. காளையைப் பார்த்ததும் நந்தி என்று எழுதக் கூடாது.

ஆகவே ஃப்ரேம் பிடிக்கும் விதி எளிது. உச்சிக்கு மேலே கொஞ்சம், பீடத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு முதலில் ஒரு முழுப் படம். நெருக்கப் படமெல்லாம் அதற்கு அப்புறம். முக்குடையை வெட்டினால் சமணம் போய்விடும், பீடத்தை வெட்டினால் பெயர் போய்விடும்.

சின்னம் எதிர்த் திசையில் இருக்கும் இடங்களும் உண்டு. திருவலம் வில்வநாதேசுவரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் எதிர்ப்புறம் பார்த்து அமர்ந்திருக்கும். நந்தியை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர் நந்தியாகவும் இருக்கலாம். நந்தியின் முகமும் சந்நிதி வாசலும் ஒரே படத்தில் வரவேண்டும். எடுக்க அனுமதி இருந்தால், நந்திக்கு முன்னால் பக்கவாட்டில் நகர்ந்து, அதன் தோளுக்கு மேலாக வாசல் தெரியும்படி நில்லுங்கள். எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு) வைத்தால் இரண்டும் தெளிவாக இருக்கும்.

வலது, இடது: திருப்பிப் போட்டால் சாமியே மாறும்

இது சின்ன விஷயமாகத் தெரியும், சேதம் பெரிது. முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில ஃபோன்கள் கண்ணாடி பிம்பமாகவே சேமிக்கும். ஃபிளெக்ஸ் அடிக்கிறவர், எழுத்துப் பக்கம் சாமி பார்க்கட்டும் என்று படத்தைப் புரட்டிவிடுவார். அப்புறம் என்ன ஆகும்?

இடம்புரிப் பிள்ளையார் வலம்புரி ஆகிவிடுவார். அர்த்தநாரியில் வலப்பாதி சிவனும் இடப்பாதி அம்பாளும் இடம் மாறிவிடுவார்கள். நடராஜர் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கி ஆடுகிறவர். புரட்டிய படத்தில் கால் மாறி ஆடுவார். கால் மாறி ஆடிய கோலம் மதுரை வெள்ளியம்பலத்துக்கு உரியது. வேலூரில் எடுத்த படம் மதுரைக்குப் போய்விட்டது. அபயம் காட்டும் வலக்கை இடக்கையாகிவிடும், அதைப் பார்த்ததும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். தர்கா வாசலில் உள்ள அரபி எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஃபோன் செட்டிங்கில் "மிரர்" என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் பெயர்ப் பலகை தெரிய ஒரு படம் எடுத்துவையுங்கள். புரண்டதா என்று பின்னால் சரிபார்க்க அந்தப் பலகை எழுத்து போதும்.

கருங்கல், குங்குமம், நெருப்பு

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். எண்ணெய் ஏறிய கருங்கல் சிலையைக் காட்டினால், இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கல் சாம்பலாகும், நெற்றியில் இருக்கும் விபூதிப் பட்டை மூன்று கோடும் ஒன்றாகி வெள்ளைத் திட்டாகும். எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) 1 முதல் 1.7 ஸ்டாப் வரை குறையுங்கள். ஃபோனில், விபூதியின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சக் கோட்டைக் கொஞ்சமாக மேலே தள்ளுங்கள்.

குங்குமமும் செவ்வரளியும் வேறு விதமாக ஏமாற்றும். திரையில் வெளிச்சம் சரியாகத் தெரியும். பொதுவான ஹிஸ்டோகிராமும் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரி என்று சொல்லும். சிவப்பு மட்டும் தனியாக எல்லை தாண்டியிருக்கும். இதழும் இதழும் ஒட்டி ஒரே சிவப்புக் கட்டியாக நிற்கும். மூன்று நிற ஹிஸ்டோகிராம் இருந்தால் சிவப்பைப் பாருங்கள். இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு 0.7 குறைத்துவிடுங்கள். ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் பின்னால் மீட்க ஓரளவு வழி உண்டு.

மஞ்சளுக்கு எதிரி ஆட்டோ வொயிட் பேலன்ஸ், அதாவது கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்வது. விளக்கு வெளிச்சம் 1,900 கெல்வின் அளவில் இருக்கும். அதை வெள்ளையாக்கப் பார்த்து, மஞ்சள் பூசிய அம்மன் முகத்தை வெளிறச் செய்துவிடும். 3,800 கெல்வின் என்று கையால் வைத்துவிடுங்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், நெருப்பின் சூடும் தங்கும்.

தீபாராதனைக்கு இரண்டு வழி. எஃப் 1.8, 1/160 விநாடி, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கினால் சுடர் ஒரு துளியாக நிற்கும், அம்மன் கண் தெரியும். கேமராவைத் தூணோடு அழுத்தி வைத்து 1/8 விநாடியில் எடுத்தால், தட்டு நகர்ந்த பாதை நெருப்புக் கீற்றாக விழும். முதல் படம் முகத்தைக் காட்டுவது, இரண்டாவது ஆரத்தி எடுக்கும் செயலைக் காட்டுவது. எது வேண்டும் என்று மணி அடிப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள், கற்பூரம் காத்திருக்காது. ஃப்ளாஷ் எந்த நிலையிலும் வேண்டாம். ஒரே வெட்டில் சுடர் செத்துவிடும், திருவாசி பளீரென்று அடிக்கும்.

சித்ரா பௌர்ணமி இரவில் வேலூர்த் தெருக்களில் வரும் புஷ்பப் பல்லக்குகளுக்குச் சீரியல் பல்புதான் தொந்தரவு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். 1/250 வைத்தால் படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடும். 1/50 அல்லது 1/100 வையுங்கள். பல்லக்கு அசையாமல் நிற்கும் நேரமாகப் பார்த்து எடுத்தால் 1/50 தாராளம்.

ஃபோனில் இன்னும் மூன்றை அணைக்க வேண்டும். பியூட்டி மோட் விபூதியையும் சந்தனத்தையும் "அழுக்கு" என்று துடைத்துவிடும். போர்ட்ரெய்ட் மோட் சூலத்தின் நடு முனையைப் பின்னணி என்று எண்ணி மங்கலாக்கும். மூன்று முனைச் சூலம் இரண்டு முனை ஆகும். 0.5 லென்ஸ் ஓரத்தில் நிற்கிறவர்களின் முகத்தை இழுத்துவிடும். நாலு அடி பின்னால் போய் 1 அல்லது 2-இல் எடுங்கள்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களுக்கு மேலே சொன்னது எதுவும் வேண்டாம். அங்கே தேவை பக்க வெளிச்சம். யாளியின் வாய்க்குள்ளும் குதிரை வயிற்றின் அடியிலும் நிழல் விழுந்தால்தான் செதுக்கு தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போங்கள். நிழல் கட்டி கருப்பாக இருந்தால், ஒரு வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தால் போதும், அதுதான் ரிஃப்ளெக்டர். இந்தக் கோயிலைப் பற்றி எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நெடுங்காலம் பூசையில்லாமல் இருந்த இங்கே மறுபடி லிங்கம் வைக்கப்பட்டது 1981-இல். தூணில் உள்ள குதிரை பல நூற்றாண்டுப் பழசு, அதில் பூசிய குங்குமம் அவ்வளவு பழசில்லை. இரண்டும் ஒரே படத்தில் இருப்பதே ஒரு செய்தி. சுத்தமான தூணாகத் தேடி அலைய வேண்டாம்.

சிரசு

முகத்தை மட்டும் நெருக்கமாக எடுப்பதை இதுவரை தள்ளிப்போடச் சொன்னோம். குடியாத்தத்தில் அந்த விதி தலைகீழ். வைகாசி 1-ஆம் தேதி கெங்கையம்மன் திருவிழாவில் ஊர்வலம் வருவது அம்மனின் தலை மட்டும். கணவர் ஜமதக்னி சொல்லி, மகன் பரசுராமன் கையால் வெட்டுண்ட ரேணுகையின் கதை அது. உயிர் திரும்பும்போது தலை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்தப்பட்டது. அதனால் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கிளம்பும் சிரசு, கோபாலபுரம் கோயிலுக்குப் போய் உடலோடு சேர்கிறது.

கதை தெரியாதவர் எடுத்த படத்தில், மாலைக்குள் புதைந்த ஒரு பெரிய முகம் இருக்கும். கதை தெரிந்தவர் மூன்று படம் எடுப்பார். ஒன்று, கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று தெரியும் படம். அந்த வெற்றிடம்தான் இங்கே சின்னம். சுமக்கிறவர் தலையும் அம்மன் தலையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்தால், பார்க்கிறவர் உடலைத் தானே தேடுவார். இரண்டு, வழியில் உடையும் சூறைத்தேங்காய். தேங்காய் சிதறும்போது 1/1000 விநாடி வேண்டும், வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் தண்ணீர்த் துளி மின்னும். மூன்று, கோயிலில் தலை பொருந்திய பின் முழு உருவம், அனுமதித்த தூரத்திலிருந்து. மூன்றையும் இந்த வரிசையில் போட்டால் தலைப்பே தேவைப்படாது.

கூட்டம் லேசில் விடாது. சிரசுக்கு முன்னால் பின்னோக்கி நடந்து எடுக்க முயன்று விழுகிறவர்கள் உண்டு. வளைவு ஒன்றில் முன்கூட்டியே திண்ணையோரம் நின்றுகொள்ளுங்கள். 85 மி.மீ. லென்ஸ் அல்லது ஃபோனில் 3 மடங்கு. மொட்டைமாடி வேண்டாம். அம்மனுக்கு மேலே நிற்பது பலருக்குப் பிடிக்காது. அது தவிர, மேலிருந்து எடுத்தால் மாலையும் குடையும்தான் தெரியும், கண் தெரியாது.

மகா சிவராத்திரி முடிந்த மறுநாள் பாலாற்றில் நடக்கும் மயானக் கொள்ளையிலும் இதே கணக்கு. காளி வேஷத்தின் நீட்டிய நாக்கைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அங்கே உயிர் இருப்பது சூறை விடுவதில். சிவன் கையில் ஒட்டிய பிரமனின் கபாலத்தைக் கீழே இறக்க அங்காளம்மன் சோறு இறைத்தாள் என்பது கதை. தானியமும் காய்கறியும் காற்றில் பறக்கும் அந்த ஒரு நொடிக்கு இருட்டுப் பின்னணி தேடுங்கள்; வெள்ளை வானத்தின் மேல் நெல் தெரியாது. மருள் வந்து ஆடுகிறவர்களின், முக்கியமாகப் பெண்களின், முகத்தை நெருக்கமாக எடுக்காதீர்கள். கால் சிலம்பு, கையில் கசங்கிய வேப்பிலை, பக்கத்தில் பம்பைக்காரரின் குச்சி, இவையே போதுமானதைச் சொல்லும்.

வேப்பிலை என்றதும் ஓர் எச்சரிக்கை. வீட்டு வாசலில் கொத்து வேப்பிலை செருகியிருந்தால் அது திருவிழாத் தோரணமாக இல்லாமல் இருக்கலாம். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கலாம். எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

உருவம் இல்லாத இடத்தில்

பள்ளிவாசலில் உருவம் கிடையாது. திசை, எழுத்து, வரிசை இவையே சின்னம். வேலூரிலிருந்து கிப்லா (தொழும் திசை) மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து. தொழுகை வரிசை அந்தப் பக்கம் நோக்கும். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது, ஆகவே உங்கள் இடம் பக்கவாட்டில். அசர் (பிற்பகல் தொழுகை) நேரத்தில் மேற்கு வெயில் முகத்துக்கு எதிரே வரும். பக்கத்திலிருந்து பார்த்தால் வரிசையின் விளிம்பு ஒளிரும். எழுத்தை எடுக்கும்போது பாதிச் சொல்லில் வெட்டாதீர்கள். அதன் கீழே செருப்பு வரிசை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தர்காவைப் பள்ளிவாசல் என்று எழுதக் கூடாது. ஆற்காட்டில் இருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா தர்காவில் – ஹைதர் அலி தன் மகனுக்குத் திப்பு என்று பெயர் வைத்தது இவர் நினைவாகத்தான் – பார்க்க வேண்டியது அடக்கத்தின் மேல் போர்த்திய துணி, அதன் மேல் பூ, சந்தனம், ஊதுபத்திப் புகை. புகை தெரிய வேண்டுமானால் இருட்டுப் பின்னணியும் எதிர் வெளிச்சமும் வேண்டும்.

பெருநாள் வாழ்த்துப் படத்தில் பிறை ஒட்டுகிறவர்கள் வானத்தைப் பார்த்து ஒட்டுங்கள். புதுப்பிறை மேற்கில்தான், மக்ரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை நேரம்) ஆனவுடன், கொஞ்ச நேரம் மட்டும் தெரியும். நம் ஊரில் அது பெரும்பாலும் படகு போலச் சாய்ந்து கிடக்கும். கொடியில் வரைவது போல நிமிர்ந்து நிற்காது. பிறையின் இரண்டு கொம்புக்கு நடுவே நட்சத்திரம் தெரியவும் முடியாது, அங்கே நிலாவின் இருண்ட பாகம் மறைத்துக்கொண்டிருக்கிறது. கொடியில் வரையும்போது அது சின்னம், ஏற்றுக்கொள்வோம். ஃபோட்டோவில் அது பொய். சிவன் சடையில் பிறை வைக்கிறவர்களுக்கும் இதே பாடம்.

தேவாலயங்களில் முதலில் சிலுவையைப் பாருங்கள். இயேசுவின் உடல் அதில் இருக்கிறதா, வெறும் சிலுவையா? வேலூர் விண்ணேற்பு அன்னை பேராலயம் போன்ற கத்தோலிக்கக் கோயில்களில் பாடுபட்ட சுரூபம் முக்கியம். தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் பெரும்பாலும் வெறும் சிலுவை. ஒன்றின் படத்தை மற்றதன் செய்திக்குப் போட்டால் சபையார் உடனே கண்டுபிடிப்பார்கள். துணியின் நிறமும் ஒரு காலண்டர்: தவக்காலத்தில் ஊதா, ஈஸ்டருக்கு வெள்ளை, பெந்தெகோஸ்தேவுக்குச் சிவப்பு. ஊதாவை ஃபோன்கள் நீலமாக்கும் பழக்கம் உண்டு. நீலம் மாதாவின் நிறம், ஆக அர்த்தமே மாறிவிடும். ஒரு வெள்ளைத்தாளை அங்கேயே பிடித்து ஒரு படம் எடுத்துவைத்தால் பின்னால் நிறத்தைத் திருத்தலாம். குருத்தோலை ஞாயிறன்று ஓலையை மட்டும் எடுத்தால் கோயில் தோரணம் போலிருக்கும். ஓலையைச் சிலுவையாக மடித்துப் பிடித்த கையை எடுங்கள்.

வேலூர்க் கோட்டைக்குள் கோயிலும் இருக்கிறது, 1846-ஆம் ஆண்டின் செயின்ட் ஜான்ஸ் தேவாலயமும் இருக்கிறது. கோபுரம், சிலுவை, பிறை மூன்றையும் வரிசையாக ஒட்டி நல்லிணக்கப் படம் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். அது நோட்டீஸ் அட்டைக்குச் சரி. அகழிக் கரையில் ஒருவர் ஒரே பூக்கூடையோடு இரண்டு வாசலுக்கும் நடப்பது கண்ணில் பட்டால் அதை எடுங்கள்.

கேட்க வேண்டியது

மூலவரை எடுப்பதில்லை. இதில் விவாதம் வேண்டாம். கோயில்களுக்குள் செல்பேசியைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அலுவலகத்தில் கேட்காமல் ஃபோனை நீட்டினால் வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமரா, ஃபோன் எதுவும் கிடையாது. வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் ட்ரைபாட், ட்ரோன் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். போளூர்ப் பக்கத்துத் திருமலையில் பழைய ஓவியங்கள் இருக்கும் பாறையறையில் ஃப்ளாஷ் போடவே கூடாது.

சின்னம் புரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். "ஐயா, அம்மன் கையில இருக்கறது கிண்ணமா, கபாலமா?" என்று பூசாரியிடம் கேட்டால் அவர் கதையோடு சொல்வார். சொன்னதை அங்கேயே ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். ஊர், சாமி பெயர், தமிழ் மாதமும் நாளும், என்ன சடங்கு – இந்த நான்கும் தலைப்பில் வரவேண்டும். பின்னணியில் கட்சிக் கொடியோ, குறுக்கே ஓடும் மின்கம்பியோ அம்மன் தலைக்குப் பின்னால் புதுச் சின்னமாக முளைத்திருக்கிறதா என்று எடுத்த இடத்திலேயே பெரிதாக்கிப் பாருங்கள். அரை அடி நகர்ந்தால் சரியாகிவிடும்.

படத்தைப் பூசாரிக்கோ முத்தவல்லிக்கோ பங்குத்தந்தைக்கோ ஒரு பிரதி போட்டுக் கொடுப்பது வழக்கம். இங்கேதான் கடைசிக் கண்ணி. ஃபோன் படம் 3:4. ஸ்டுடியோவில் 4×6 பிரிண்ட் கேட்டால் அது 2:3. நிமிர்ந்த படத்தில் இரு பக்கமும் சேர்த்து அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கை மெஷின் வெட்டிவிடும். அந்த ஓரத்தில்தான் ஒரு கையில் சங்கும் மறு கையில் சக்கரமும் இருந்தன. 6×8 கேளுங்கள், விகிதம் ஒன்றே. கண்ணாடிச் சட்டம் போடும் கடையிலும் மரத்தின் விளிம்பு நாலு பக்கமும் கால் அங்குலம் வரை மூடும். படத்தை வெட்டாமல், சுற்றிலும் குறைந்தது அரை அங்குல வெள்ளை விட்டு பிரிண்ட் போடச் சொல்லிவிடுங்கள்.